நடுராத்திரி 2 மணிக்கு முழிப்பு: ‘எந்த மாத்திரை நல்லது?’ என்று கேட்பதற்கு முன்னால்…

“படுத்தா உடனே தூங்கிடுறேன். அதுல பிரச்னையே இல்ல. ரெண்டு மணிக்கு முழிப்பு வந்துடுது. அதுக்கப்புறம் விடியற வரைக்கும் மோட்டுவளையத்தான் பார்த்துட்டு கிடக்கிறேன்.”

சென்னையிலோ பெங்களூருவிலோ வேலை பார்க்கும் பிள்ளைகளுக்கு ஊரிலிருந்து வரும் போன்களில் இந்தப் புலம்பல் அடிக்கடி கேட்கும். பிள்ளைகள் உடனே கூகுளில் தேடுவார்கள், அல்லது நண்பரிடம் கேட்டு ஒரு மாத்திரையின் பெயரை வாட்ஸ்அப்பில் அனுப்புவார்கள். அதற்குள் ஊரில் யாரோ ஒருவர், “நான் போடுறதுல பாதி போட்டுப் பாரு” என்று ஒரு ஸ்ட்ரிப்பைக் கிள்ளிக் கொடுத்திருப்பார். இப்படித்தான் பல வீடுகளில் தூக்க மாத்திரை ‘தேர்வு’ செய்யப்படுகிறது.

இதைத் தேர்வு என்றே சொல்லக்கூடாது. தூக்கம் வராமல் இருப்பது ஒரு பிரச்னை, வந்த தூக்கம் நிற்காமல் போவது இன்னொரு பிரச்னை. இரண்டுக்கும் காரணம் வேறு, மருந்தும் வேறு. இந்த வித்தியாசம் தெரியாமல் போடும் மாத்திரை சில நேரம் வேலையே செய்யாது. சில நேரம் தேவைக்கு மேல் வேலை செய்து, ஆளைக் கீழே தள்ளிவிடும்.

சேவூரில் இது ஏன் பெரிய விஷயம்?

ஆரணியை ஒட்டி இருக்கிற பட்டு நெசவு ஊர் சேவூர் (அவிநாசி பக்கத்தில் உள்ள சேவூர் வேறு). புவிசார் குறியீடு பெற்ற ஆரணிப் பட்டு நெய்யும் ஊர்களில் இதுவும் ஒன்று. குழித்தறி இருக்கும் வீட்டில் வேலையிடமும் படுக்கும் இடமும் ஒரே கூரைக்குக் கீழே. கால்கள் குழிக்குள் மிதியில், கை நாடாவில், கண் பாவு நூலில் என்று மணிக்கணக்கில் உட்கார வேண்டும். கூலி மாதச் சம்பளம் கிடையாது. சேலை முடிந்தால்தான் காசு. ஒரு இழை அறுந்ததைக் கவனிக்காமல் விட்டால் டிசைன் கெடும், பிரித்து நெய்ய வேண்டும், அந்த நாள் கூலி போச்சு.

இப்படிப்பட்ட வேலையில் இருப்பவர் ராத்திரி போட்ட மாத்திரையின் மயக்கத்தோடு காலையில் தறியில் உட்கார்ந்தால் என்ன ஆகும்? ஆபீசில் இரண்டு காபி குடித்துச் சமாளிக்கிற ‘லேசான மந்தம்’ இங்கே நேரடியாகக் கூலியில் கை வைக்கும். இன்னொன்றும் இருக்கிறது. குழித்தறி என்றால் வீட்டுத் தரையிலேயே ஒரு பள்ளம். தூக்க மாத்திரை போட்ட வயதானவர் நடுராத்திரி சிறுநீர் கழிக்க எழுந்து, லைட் போடாமல், பள்ளத்தையும் வாசப்படியையும் தாண்டிக் கொல்லைப்பக்கம் போவதை நினைத்துப் பாருங்கள்.

வயதானவர்களுக்குத் தூக்க மாத்திரையால் வரும் பெரிய ஆபத்துகளில் ஒன்று கீழே விழுவது. அமெரிக்க முதியோர் மருத்துவச் சங்கத்தின் ‘பியர்ஸ்’ பட்டியல், 65 வயதைத் தாண்டியவர்களுக்குத் தவிர்க்க வேண்டிய மருந்துகளில் அல்பிரசோலம், குளோனசெபம், டயசெபம் போன்ற பென்சோடயசெபைன் வகையையும், சோல்பிடெம் வகையையும் சேர்த்திருக்கிறது. இடுப்பு எலும்பு முறிவு, குழப்பம், மறதி ஆகியவையே காரணம். நம் ஊர்களில் ‘தூக்க மாத்திரை’ என்றதும் கைக்கு வருவது பெரும்பாலும் இந்தப் பெயர்கள்தான் என்பதுதான் சிக்கல்.

முதலில் எழுப்புவது யார்?

மாத்திரைப் பெயரைத் தேடுவதற்கு முன்னால் கேட்க வேண்டிய கேள்வி இது. ராத்திரி 2 மணிக்கு ஒருவரை எழுப்புவது பல நேரம் மூளை அல்ல, சிறுநீர்ப்பை. கட்டுப்படாத சர்க்கரை, ஆண்களுக்கு புராஸ்டேட் வீக்கம், சாயங்காலம் போடும் நீர் பிரிக்கும் பிரஷர் மாத்திரை என்று எதுவாகவும் இருக்கலாம். பரவலாகக் கொடுக்கப்படும் அம்லோடிபின் சிலருக்குக் கால் வீக்கத்தை உண்டாக்கும். பகல் முழுக்கக் காலில் தேங்கிய நீர், படுத்ததும் ரத்தத்துக்குத் திரும்பி, நடுராத்திரி சிறுநீராக வெளியேறும். இவருக்கு எந்தத் தூக்க மாத்திரையும் தீர்வு கிடையாது. பிரஷர் மாத்திரையை எந்த நேரத்தில் போடுவது என்று டாக்டரிடம் பேசினாலே சிலருக்குப் பாதிப் பிரச்னை முடிந்துவிடும்.

சர்க்கரைக்கு கிளிமிபிரைடு மாத்திரையோ இன்சுலினோ எடுப்பவர் வேர்த்து விறுவிறுத்து எழுந்தால், அது தூக்கமின்மை இல்லாமல் தாழ்சர்க்கரையாக இருக்கலாம். அந்த நேரத்தில் குளுக்கோமீட்டரில் ஒரு தடவை பார்த்துவிட வேண்டும். அதைக் கவனிக்காமல் மயக்க மாத்திரை கொடுப்பது ஆபத்து.

பயங்கரக் குறட்டை, நடுவில் மூச்சு நின்று திணறி எழுவது, பகலில் உட்கார்ந்த இடத்தில் தூங்கி விழுவது மூன்றும் சேர்ந்திருந்தால் ஸ்லீப் ஆப்னியா என்று சந்தேகிக்க வேண்டும். பென்சோடயசெபைன் தொண்டைத் தசைகளை இன்னும் தளர்த்தி, மூச்சுத் திணறும்போது எழுப்பும் உடலின் அலாரத்தையும் மழுங்கடிக்கும். குறட்டையை ‘நல்லா அசந்து தூங்குறாரு’ என்று சொல்லும் நம் வழக்கத்தை இனியாவது விட்டுவிடலாம்.

காலை ஆட்டிக்கொண்டே இருக்கத் தோன்றுவதற்குப் பின்னால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கலாம். நாற்பதுகளில் இருக்கும் பெண்கள் உடம்பு கொதித்து எழுவதற்கு மாதவிடாய் நிற்கும் கட்டம் காரணமாக இருக்கலாம். முதுகுவலி, முட்டிவலி பற்றி நெசவாளர் வீட்டில் சொல்லவே தேவையில்லை. ஒரு குவார்ட்டர் அடித்தால் தூக்கம் வரும் என்று நம்புகிறவர்களுக்கு: வரும், ஆனால் மது உடலிலிருந்து இறங்கும்போது இரவின் பின்பாதித் தூக்கத்தை உடைக்கும். அந்த இரண்டு மணி முழிப்பு பல ஆண்களுக்கு இப்படி வருவதுதான்.

அதிகாலை மூன்று, நான்கு மணிக்கே விழித்து, மனசு கனத்து, எதிலும் பிடிப்பில்லாமல் இருப்பது மனச்சோர்வின் முக்கிய அறிகுறிகளில் ஒன்று. அட்வான்ஸ் வாங்கிய கடன், பொண்ணு கல்யாணம், நிற்கிற தறி என்று யோசிக்க விஷயம் இருக்கும்போது ‘கவலைதான், வேற ஒண்ணும் இல்ல’ என்று எல்லோரும் சொல்லிவிடுவார்கள். இவருக்குத் தேவை மனச்சோர்வுக்கான சிகிச்சை. அதை விட்டுவிட்டு ஒரு டப்பா தூக்க மாத்திரையை மட்டும் வீட்டில் வாங்கி வைப்பது, வாழவே பிடிக்கவில்லை என்று நினைப்பவர் கையில் ஆபத்தை எடுத்துக் கொடுப்பதாகிவிடும். அப்படி ஒரு பேச்சு காதில் விழுந்தால் தள்ளிப்போடாமல் 14416 என்ற ‘டெலி மானஸ்’ எண்ணை அழைக்கலாம். கட்டணம் இல்லை, தமிழில் பேசலாம்.

இது நோயே இல்லாமலும் இருக்கலாம்

எட்டரைக்குச் சாப்பிட்டு ஒன்பதுக்குப் படுத்து மூன்றரைக்கு விழிக்கும் 68 வயதுக்காரர் ஆறரை மணி நேரம் தூங்கியிருக்கிறார். மத்தியானம் தறிப் பக்கத்திலேயே முக்கால் மணி நேரம் கண் அசந்திருந்தால் அதையும் கூட்டிக்கொள்ளுங்கள். அவருக்குத் தேவை மாத்திரை இல்லை, கொஞ்சம் தாமதமாகப் படுப்பது.

அமெரிக்க வரலாற்றாசிரியர் ரோஜர் எக்கிர்ச் இதைப் பற்றிச் சுவாரசியமான ஒன்றைச் சொல்கிறார். தொழிற்புரட்சிக்கு முந்தைய ஐரோப்பாவில் மக்கள் இரண்டு தவணையாகத் தூங்கினார்கள், நடுவில் எழுந்து வேலை பார்த்தார்கள், பேசினார்கள் என்று பழைய ஆவணங்களை வைத்து அவர் எழுதினார். எல்லா ஊருக்கும் இது பொருந்தாது. மின்சாரம் இல்லாமல் வாழும் ஆப்பிரிக்க, தென் அமெரிக்கச் சமூகங்கள் மூன்றில் 2015-ல் செய்த ஆய்வில் அப்படிப்பட்ட வழக்கம் தென்படவில்லை. ஆனாலும் ராத்திரி ஒரு தடவை விழிப்பதே நோய் என்று பயப்படத் தேவையில்லை. வாரத்துக்கு 3 இரவாவது, 3 மாதமாவது தொடர்ந்து, பகல் வேலையையும் கெடுத்தால்தான் அதை நாள்பட்ட தூக்கமின்மை என்று மருத்துவம் சொல்கிறது.

சரி, மருந்துக்கு வருவோம்

காரணங்களைப் பார்த்தாயிற்று, சரி செய்தாயிற்று, இன்னும் தூக்கம் உடைகிறது, டாக்டரும் மருந்து தேவை என்கிறார். அப்போது எதை வைத்து முடிவு செய்கிறார்கள்? மருந்து எவ்வளவு நேரம் உடலில் தங்குகிறது என்பதுதான் இதில் முக்கியம். உடலில் இருக்கும் மருந்து பாதியாகக் குறைய ஆகும் நேரத்தை அரை ஆயுள் என்பார்கள்.

சாதாரண சோல்பிடெமின் அரை ஆயுள் சுமார் இரண்டரை மணி நேரம். பத்து மணிக்குப் போட்டால் தூக்கத்தை வரவைக்கும். இரண்டு மணிக்கு விழிப்பவருக்கு, தேவைப்படும் நேரத்தில் மருந்தின் பெரும்பகுதி காலியாகியிருக்கும். அதனால்தான் மெதுவாகக் கரையும் வகை வந்தது. எஸ்சோபிக்லோனுக்கு ஆறு மணி நேரம், நடு இரவைத் தாண்டி நிற்கும். அல்பிரசோலம் சுமார் 11 மணி நேரம். குளோனசெபம் 30 முதல் 40 மணி நேரம் வரை. அதாவது திங்கள் ராத்திரி போட்டதில் பாதி புதன் அதிகாலையிலும் உடம்பில் இருக்கும். நடுவில் செவ்வாய் ராத்திரி போட்டதும் அதோடு சேரும். ‘பாதி மாத்திரைதானே’ என்று வருஷக்கணக்கில் போடுபவர்கள் பகலெல்லாம் மந்தமாக இருப்பதற்கு இந்தக் கணக்கு ஒரு காரணம்.

இந்த மருந்துகள் பெண்கள் உடலில் வேறு மாதிரி வேலை செய்யலாம் என்பது தாமதமாகத்தான் கவனத்துக்கு வந்தது. சோல்பிடெம் பெண்களின் உடலிலிருந்து மெதுவாக வெளியேறுகிறது, காலையில் வண்டி ஓட்டும்போதும் ரத்தத்தில் இருக்கிறது என்று தெரிந்த பிறகு, 2013-ல் அமெரிக்காவின் எஃப்.டி.ஏ. பெண்களுக்கான ஆரம்ப அளவை 10 மி.கி.யிலிருந்து 5 மி.கி.யாகப் பாதியாக்கியது. 2019-ல் அதே அமைப்பு சோல்பிடெம், எஸ்சோபிக்லோன், சாலெப்லோன் மூன்றுக்கும் கடுமையான எச்சரிக்கைப் பெட்டி போடச் சொன்னது. தூக்கத்திலேயே நடப்பது, சமைப்பது, கார் ஓட்டுவது என்று 66 தீவிரச் சம்பவங்கள் அதன் பதிவில் இருந்தன. அவற்றில் 20 மரணங்கள். 26 ஆண்டுகளில் இவ்வளவுதான் என்றும் சொல்லலாம். ஆனால் ஒரு தடவை அப்படி நடந்தவருக்கு அந்த மருந்தைத் திரும்பக் கொடுக்கவே கூடாது என்பது விதி.

பிறகு ஒரெக்சின் தடுப்பு மருந்துகள் வந்தன. பழைய மருந்துகள் மூளையை மொத்தமாக அமர்த்தும். இவை விழித்திருக்கச் சொல்லும் ஒரெக்சின் என்ற சமிக்ஞையை மட்டும் மங்க வைக்கும். சுவோரெக்சான்ட்டுக்கு 2014-லும், லெம்போரெக்சான்ட்டுக்கு 2019-லும், டாரிடோரெக்சான்ட்டுக்கு 2022-லும் அமெரிக்காவில் அனுமதி கிடைத்தது. நடு இரவு விழிப்புக்கு இவை பொருத்தமாக இருப்பதாக ஆய்வுகள் சொல்கின்றன. ஆனாலும் காலை மந்தம் இவற்றிலும் உண்டு.

டாக்சபின் என்ற பழைய மனச்சோர்வு மருந்து 3, 6 மி.கி. என்ற மிகச் சிறிய அளவில் நடு இரவு விழிப்புக்காகவே 2010-ல் அமெரிக்காவில் அனுமதி பெற்றது. மனச்சோர்வுக்குக் கொடுக்கும் அளவோடு இதைக் குழப்பிக்கொள்ளக் கூடாது.

அமெரிக்கத் தூக்க மருத்துவக் கழகம் 2017-ல் வெளியிட்ட வழிகாட்டுதல், நடு இரவு விழிப்புக்கு சுவோரெக்சான்ட், எஸ்சோபிக்லோன், சோல்பிடெம், டெமாசெபம், டாக்சபின் ஆகியவற்றைப் பரிசீலிக்கலாம் என்றது. கவனிக்க வேண்டியது, இதில் ஒவ்வொன்றும் ‘பலவீனமான பரிந்துரை’ என்றே குறிக்கப்பட்டிருக்கிறது. 2022-ல் ‘லான்செட்’ இதழில் வந்த பெரிய ஒப்பீடு, 44,000-க்கும் அதிகமானவர்கள் பங்கேற்ற சோதனைகளைச் சேர்த்துப் பார்த்தது. எஸ்சோபிக்லோனும் லெம்போரெக்சான்ட்டும் முன்னால் வந்தன. ஆனால் முதலாவதில் பக்கவிளைவு கணிசம், இரண்டாவதின் பாதுகாப்பு பற்றி உறுதியாகச் சொல்லத் தரவு போதவில்லை என்றும் அதிலேயே எழுதியிருக்கிறது. ‘பெஸ்ட் ஸ்லீப்பிங் டேப்லெட்’ என்று தேடுபவர்களுக்கு அறிவியல் தரும் நேர்மையான பதில் இவ்வளவுதான்.

மெலட்டோனின் கம்மி? அலர்ஜி மாத்திரை?

இளைஞர்கள் ஆன்லைனில் ஆர்டர் போட்டு அம்மாவுக்கு அனுப்புவது மெலட்டோனின் கம்மி. இயற்கையானது, பாதிப்பில்லை என்ற விளம்பரம் வேறு. உடலுக்கு ‘ராத்திரி ஆச்சு’ என்று நேரம் சொல்லும் ஹார்மோன் அது. ஜெட்லாகுக்கும் ஷிப்ட் மாறுபவர்களுக்கும் ஓரளவு உதவும். நடு இரவு விழிப்புக்கு 2017 வழிகாட்டுதல் அதைப் பரிந்துரைக்கவில்லை. மெதுவாகக் கரையும் 2 மி.கி. வகையை ஐரோப்பாவில் 55 வயதைத் தாண்டியவர்களுக்குக் கொடுக்கிறார்கள், கம்மி அது இல்லை. 2023-ல் அமெரிக்காவில் 25 மெலட்டோனின் கம்மிகளைச் சோதித்தபோது 22-ல் லேபிளில் எழுதிய அளவும் உள்ளே இருந்த அளவும் பொருந்தவில்லை. ஒன்றில் எழுதியதைவிட மூன்று மடங்குக்கும் மேல் இருந்தது.

அரிப்புக்கும் சளிக்கும் கொடுக்கும் பழைய அலர்ஜி மாத்திரைகளைத் தூக்கத்துக்குப் போடுவது இன்னும் மோசமான யோசனை. சில நாளில் உடம்பு பழகி, தூக்கம் தரும் வேலை குறைந்துவிடும். வயதானவர்களுக்கு மலச்சிக்கல், சிறுநீர் அடைப்பு, குழப்பம் மட்டும் மிஞ்சும். புராஸ்டேட் தொல்லையால் ராத்திரி எழுபவருக்கு இதைக் கொடுத்தால் என்ன ஆகும் என்று விளக்க வேண்டியதில்லை.

மாத்திரை இல்லாத சிகிச்சை ஊரில் கிடைக்குமா?

நாள்பட்ட தூக்கமின்மைக்கு முதல் சிகிச்சை மருந்து அல்ல, சி.பி.டி.-ஐ என்ற பயிற்சிமுறை என்று அமெரிக்க மருத்துவர்கள் கல்லூரி 2016-லும், ஐரோப்பிய வழிகாட்டுதல் 2017-லும் மறுபடி 2023-லும் சொல்லிவிட்டன. தூக்கம் வராவிட்டால் இருபது நிமிஷத்தில் படுக்கையை விட்டு எழுந்துவிடுவது, கடிகாரத்தையும் போனையும் பார்க்காமல் இருப்பது, எவ்வளவு தூங்கினாலும் ஒரே நேரத்தில் எழுவது, படுக்கையில் கிடக்கும் நேரத்தை உண்மையில் தூங்கும் நேரத்துக்கு அருகில் சுருக்குவது ஆகியவைதான் அதன் சாரம். கேட்க எளிமையாகத் தெரிந்தாலும் முதல் இரண்டு வாரம் கஷ்டம். வலிப்பு நோய், இருமுனை மனநோய் உள்ளவர்கள் டாக்டர் துணையில்லாமல் படுக்கை நேரத்தைச் சுருக்கக் கூடாது.

ஆனால் ‘முதல் சிகிச்சை இதுதான்’ என்று எழுதிவிட்டுப் போவதில் நியாயமில்லை. இதைச் சொல்லித்தரப் பயிற்சி பெற்றவர்கள் சென்னையிலேயே குறைவு. சேவூர்க்காரர் பஸ் பிடித்து வேலூருக்கோ திருவண்ணாமலைக்கோ போய் ஆறு வாரம் உட்கார வேண்டும் என்றால், ஒவ்வொரு நாளும் ஒரு நாள் கூலி. மாத்திரையோ சில ரூபாய்க்குத் தெருமுனையில் கிடைக்கிறது. யார் எதைத் தேர்ந்தெடுப்பார்கள்? சர்க்கரைக்கும் பிரஷருக்கும் வீடு தேடி மாத்திரை கொடுக்கும் ‘மக்களைத் தேடி மருத்துவம்’ 2021-லிருந்து நடக்கும் மாநிலம் இது. அந்தப் பணியாளர்களுக்கு இந்த நாலு விஷயத்தைச் சொல்லிக்கொடுக்கவும், ‘ராத்திரி எத்தனை தடவை எழுந்திருக்கிறீங்க?’ என்று கேட்க வைக்கவும் பெரிய பட்ஜெட் தேவையில்லை. அரசு இதைச் செய்யாமல், மாத்திரை சாப்பிடுபவரைக் குறை சொல்வது சரியில்லை.

மெடிக்கல் ஷாப்பில் சீட்டு இல்லாமல் கிடைத்தால்?

கிடைக்கக் கூடாது. அல்பிரசோலம், டயசெபம், நைட்ரசெபம், சோல்பிடெம் எல்லாம் 2014 மார்ச்சிலிருந்து ஷெட்யூல் ஹெச்-1 பட்டியலில் இருக்கின்றன. டாக்டர் சீட்டு கட்டாயம். சீட்டு எழுதியவர், நோயாளி, மருந்து, அளவு எல்லாவற்றையும் கடைக்காரர் தனிப் பதிவேட்டில் எழுதி 3 வருஷம் வைத்திருக்க வேண்டும். அட்டையில் சிவப்புக் கட்டத்துக்குள் எச்சரிக்கை இருக்கும். பழைய சீட்டை நீட்டியோ, முகப் பழக்கத்திலோ வாங்குவது உதவி மாதிரித் தெரியும். அப்படி வாங்கும்போது, இன்னொரு டாக்டர் கொடுத்த வலி மாத்திரையோடு இது சேர்ந்தால் மூச்சு மந்தமாகுமா என்று பார்க்க யாருமே இருக்க மாட்டார்கள்.

ஏற்கெனவே வருஷக்கணக்கில் போடுகிறார் என்றால்?

இதைப் படித்த வேகத்தில் அப்பாவின் மாத்திரையைப் பிடுங்கிக் குப்பையில் போட்டுவிட வேண்டாம். நீண்ட நாள் எடுத்த பென்சோடயசெபைனைத் திடீரென நிறுத்தினால் நடுக்கம், படபடப்பு, வலிப்பு வரை வரலாம். முன்பைவிட மோசமாகத் தூக்கம் கெடும். ‘பார்த்தியா, இது இல்லாம என்னால முடியாது’ என்று அவரும் முடிவு கட்டிவிடுவார்.

அமெரிக்காவில் 2025-ல் வந்த வழிகாட்டுதல், 2 முதல் 4 வாரத்துக்கு ஒரு முறை 5 முதல் 10 சதவீதம் குறைப்பதில் ஆரம்பிக்கலாம், 2 வாரத்தில் 25 சதவீதத்தைத் தாண்டக் கூடாது என்கிறது. டாக்டர் மேற்பார்வையில் மாதக்கணக்கில் நடக்க வேண்டிய வேலை இது. ஆனால் முடியாத வேலை இல்லை. கனடாவின் கியூபெக்கில் வயதானவர்களுக்கு அவர்கள் போடும் மாத்திரையின் ஆபத்தையும் குறைக்கும் முறையையும் விளக்கும் ஒரு சிறு புத்தகம் மட்டும் கொடுத்தார்கள். 2014-ல் வெளியான அந்த ஆய்வில் ஆறு மாதத்தில் 27 சதவீதம் பேர் மருந்தை விட்டிருந்தார்கள். புத்தகம் கிடைக்காதவர்களில் விட்டது 5 சதவீதம்.

அடுத்த முறை ஊருக்குப் போகும்போது வீட்டில் இருக்கும் எல்லா ஸ்ட்ரிப்பையும் போட்டோ எடுத்துக்கொள்ளுங்கள். பிரஷர், சர்க்கரை, வலி, சளி எதையும் விட வேண்டாம். படுத்த நேரம், முழித்த நேரம், எதற்காக எழுந்தார், மத்தியானம் எவ்வளவு தூங்கினார், கடைசி டீ எப்போது என்று இரண்டு வாரத்துக்கு ஒரு நோட்டில் குறித்து வைக்கச் சொல்லுங்கள். டாக்டரிடம் போகும்போது இரண்டையும் கொண்டுபோய், “இந்த மருந்து காலையில எத்தனை மணி வரைக்கும் உடம்புல இருக்கும்? எத்தனை வாரம் போடணும்? எப்படி நிறுத்தணும்?” என்று மூன்று கேள்வி கேளுங்கள். மாத்திரை எழுதும்போதே நிறுத்தும் தேதியையும் அதே சீட்டில் எழுதச் சொல்லிக் கேட்பதில் தப்பே இல்லை.